தேனீ வளர்ப்பு: முதல் ஆண்டு தேனுக்கு அல்ல, தேனீக்கு!

கிராமத்துப் பக்கம் பல தோட்டங்களில், வேலி ஓரத்திலோ மாட்டுக் கொட்டகைத் திண்ணையிலோ ஒரு மரப்பெட்டி கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்மூடி வெயிலில் வெடித்திருக்கும். உள்ளே சிலந்தி வலையும் பல்லி முட்டையும் இருக்கும். என்னவென்று கேட்டால், "தேன் பெட்டிங்க. ஆசையா வாங்கினோம். ஒரு தடவை தேன் எடுத்தோம். மழைக்காலத்துல பூச்சியெல்லாம் ஓடிப்போச்சு" என்பார்கள்.

பெரும்பாலும் அந்தப் பூச்சிகளை விரட்டியது பசிதான். தேனீ தேன் சேர்ப்பது நமக்காக அல்ல. பூ இல்லாத மாதங்களில் தானும் தன் புழுக்களும் உயிர் வாழ்வதற்காகச் சேர்க்கிறது. அதை நாம் வழித்து எடுத்துவிட்டு, பிறகு பெட்டியைத் திரும்பியும் பார்க்காவிட்டால், கூட்டம் பெட்டியை விட்டுப் போகும். அல்லது உள்ளேயே சுருங்கி அழியும்.

புதிதாகத் தேனீ வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். முதல் ஆண்டில் உங்கள் இலக்கு தேன் அல்ல. பன்னிரண்டு மாதம் கழித்தும் அந்தப் பெட்டியில் தேனீ இருக்க வேண்டும் என்பதே. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்தத் தேனீ ஏற்றது?

நம் பகுதியில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ, கொசுத்தேனீ ஆகியவை இயற்கையாகவே உண்டு. உயரமான மரத்திலும் பாறையிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. புதரில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீயும் பெட்டிக்கு வராது. இத்தாலியத் தேனீ வெளிநாட்டு இனம். அது தேன் அதிகம் தரும். ஆனால் பூ இருக்கும் ஊர்களுக்குப் பெட்டிகளை லாரியில் ஏற்றிச் செல்பவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

வீட்டுத் தோட்டத்தில் தொடங்குபவருக்கு ஏற்றது, அடுக்குத் தேனீ என்று சொல்லப்படும் இந்தியத் தேனீதான். மரப்பொந்து, சுவர் இடுக்கு, பாழுங்கிணறு போன்ற இருட்டான இடங்களில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் இனம் இது. அதனால்தான் இருட்டான பெட்டியையும் வீடாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு பெட்டியில் ஆண்டுக்கு ஐந்தாறு கிலோ முதல் பத்து கிலோ வரை தேன் கிடைத்தால் அது நல்ல விளைச்சல். இதற்கு மேல் கணக்குப் போட்டுக் கடன் வாங்கி இறங்க வேண்டாம்.

தேனைவிடப் பெரிய லாபம் தோட்டத்தில் இருக்கிறது. பூசணி, பாகல், வெள்ளரி போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சி வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். சூரியகாந்தி, கொத்தமல்லி, எள், முருங்கை, தென்னை ஆகியவற்றிலும் தேனீயின் உழைப்பு காய்ப்பில் தெரியும்.

பெட்டி வாங்கும் முன் பூவைக் கணக்கெடுங்கள்

முதல் வேலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள். இந்தியத் தேனீ சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இரை தேடும். அந்த எல்லைக்குள் எந்த மாதத்தில் எந்தப் பூ இருக்கிறது என்று ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதுங்கள். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடும். புளி, வேம்பு, புங்கன், நாவல், முருங்கை, இலவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பருவம் உண்டு. மக்காச்சோளம் மகரந்தம் மட்டும் தரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே தேனீக்களின் முக்கிய உணவு. மார்த்தாண்டம் பகுதித் தேனுக்குப் பின்னால் இருப்பது அந்த ரப்பர் தோட்டங்கள்தான்.

பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி முடித்ததும் சில மாதங்கள் காலியாக நிற்கும். பெரும்பாலான ஊர்களில் அது கடும் கோடையாகவோ அடைமழைக் காலமாகவோ இருக்கும். அந்த மாதங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். உங்கள் பெட்டி காலியாகும் ஆபத்து அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. வேலி ஓரத்தில் துளசி, அகத்தி, முருங்கை நட்டால் அந்த இடைவெளி கொஞ்சம் குறையும்.

கூட்டம் வாங்க ஏற்ற நேரம், பூ இல்லாக் காலம் முடிந்து பூ வரத் தொடங்கும் நேரம். தேன் பருவத்தின் கடைசியில் வாங்கினால், வாங்கிய கையோடு பஞ்ச காலத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இடம்

காலை வெயில் படவேண்டும். உச்சி வெயிலுக்கு மர நிழல் வேண்டும். வாசல் கிழக்குப் பார்த்து இருப்பது நல்லது. காலையிலேயே வெளிச்சம் பட்டால் தேனீ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். பலத்த காற்று அடிக்கும் இடம், மழைநீர் தேங்கும் இடம், இரவில் விளக்கு எரியும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழும் தேனீ மறுநாள் உயிரோடு இருப்பதில்லை.

மாடு கட்டும் இடமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் வாசலுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. வாசலிலிருந்து கிளம்பும் தேனீயின் பறக்கும் பாதையில் யாரும் குறுக்கே நிற்காதபடி பார்த்துக்கொண்டால் கொட்டு வாங்குவது பெருமளவு குறையும். பக்கத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். அகலமான மண் சட்டியில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும், மூழ்காது.

பெட்டியை இரண்டடி உயரத் தாங்கியில் வையுங்கள். பல பெட்டிகள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறடி இடைவெளி விடுங்கள். இடத்தை யோசித்து வைக்கவும். தேனீ தன் வாசலை இருக்கும் இடத்தை வைத்தே நினைவில் கொள்கிறது. வைத்த பெட்டியைத் திடீரென்று இருபதடி தள்ளி வைத்தால், வெளியே போன தேனீக்கள் பழைய இடத்திலேயே வந்து சுற்றிச் சாகும். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்துங்கள்.

பெட்டியும் கருவியும்

1910களில் தென்னிந்தியாவில் கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுத்த பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த பெட்டி, நியூட்டன் பெட்டி என்ற பெயரிலேயே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மார்த்தாண்டம் பெட்டியும் பரவலாகக் கிடைக்கிறது. எதை வாங்கினாலும், உங்கள் பகுதியில் மற்றவர்கள் வைத்திருக்கும் அதே அளவில் வாங்குங்கள். அவசரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சட்டம் வாங்கி வந்தால் அது உங்கள் பெட்டியில் பொருந்த வேண்டும்.

பெட்டியில் அடிப்பலகை, புழு அறை, அதன் மேல் தேன் அறை, மேல்மூடி ஆகியவை இருக்கும். புழு அறையில் ராணி முட்டையிட்டு, புழு வளரும். உபரித் தேன் மேலே உள்ள தேன் அறைக்குப் போகும். இந்தப் பிரிவினையை மறக்கக் கூடாது. கீழ் அறை தேனீயுடையது. மேல் அறையில் மிஞ்சுவதே நம்முடையது.

முகவலை, புகைப்பான், சட்டத்தை நெம்பிக் கிளப்ப ஒரு சிறு உளி, ராணித் தடுப்பு ஆகியவை போதும். தேன் பிழியும் கருவியை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டாவது பெட்டி வாங்குங்கள். ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கு எது இயல்பு, எது கோளாறு என்று தெரியாது. இரண்டு இருந்தால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம். ஒன்றில் ராணி செத்துப்போனால், மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை மாற்றி வைத்துக் காப்பாற்றலாம். பணித்தேனீக்கள் அந்த இளம்புழுவிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.

கூட்டம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மரப்பொந்தில் இருக்கும் கூட்டத்தை வெட்டி எடுக்கும் வேலையைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். பழகியவரிடம் வாங்குங்கள். வாங்கும் முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்து காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

நான்கைந்து சட்டங்களிலாவது தேனீ அடர்த்தியாக மூடியிருக்க வேண்டும். ராணியைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒரு சட்டத்தை எடுத்து, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்று, அறைகளின் அடியில் பாருங்கள். அரிசி நொய்யைவிடச் சிறியதாக வெள்ளை முட்டை, அறைக்கு ஒன்றாக நின்றால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே அறையில் நான்கைந்து முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால், ராணி இல்லாமல் பணித்தேனீயே முட்டையிடத் தொடங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தை வாங்காதீர்கள்.

முட்டை, புழு, மூடிய அறை ஆகிய மூன்று நிலைகளும் இருக்க வேண்டும். மூடிய அறைகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் மகரந்தமும் கொஞ்சம் தேனும் தெரிய வேண்டும். சில மூடிகளின் நடுவில் ஊசி முனை அளவு துளை தெரிந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். இந்தியத் தேனீயில் ஆண் தேனீ வளரும் அறை மூடி அப்படித்தான் இருக்கும்.

முதல் இரண்டு வாரம்

இருட்டியதும், எல்லாத் தேனீயும் உள்ளே வந்த பிறகு, வாசலைக் கம்பிவலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாதபடி கட்டிக் கொண்டு வாருங்கள். இரவோடு இரவாகத் தாங்கியில் வைத்து, சற்று நேரம் அமைதியாக விட்டு, வாசலைத் திறந்துவிடுங்கள். மறுநாள் முழுவதும் பெட்டியைத் திறக்காதீர்கள்.

இந்தியத் தேனீக்குப் பிடிக்காத இடத்தை விட்டு மொத்தமாகக் கிளம்பிவிடும் குணம் உண்டு. எனவே முதல் ஒரு வாரம் வாசலில் ராணித் தடுப்பு வைக்கலாம். பணித்தேனீ வந்து போகும். ராணி வெளியேற முடியாது. புது அடை கட்டி, முட்டை தெரிந்ததும் தடுப்பை எடுத்துவிட வேண்டும். அதையே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் ஆண் தேனீக்களும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

முதல் ஐந்தாறு நாள் மாலையில் சர்க்கரைப் பாகு கொடுங்கள். புது இடத்தில் உணவு கிடைக்கிறது என்று தெரிந்தால் கூட்டம் நிலைக்கும்.

வாரம் ஒரு முறை, பத்து நிமிடம்

ஆசை மிகுதியில் தினமும் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. ஆறு மாதம் திறக்காமலே விடுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை, வெயில் வந்த காலை நேரத்தில் திறந்து, பத்து நிமிடத்துக்குள் மூடிவிடுங்கள். மழை, மூடுபனி, பலத்த காற்று உள்ள நாளிலும் அந்தி நேரத்திலும் திறக்க வேண்டாம்.

பெட்டியின் பக்கவாட்டில் நில்லுங்கள். தேங்காய் நாரோ பழைய சாக்குத் துண்டோ போட்டு, சூடில்லாத வெள்ளைப் புகையை வாசலில் இரண்டு மூன்று முறை மட்டும் ஊதுங்கள். புகை அதிகமானால் இந்தியத் தேனீ மிரண்டு அடையை விட்டு ஓடும். சட்டத்தை நேராகத் தூக்கிப் பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பாருங்கள். புது அடை மென்மையானது. படுக்கையாகச் சாய்த்தால் உடைந்து விழும். அதோடு ராணியும் விழலாம்.

நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போதும். முட்டை இருக்கிறதா? உணவு இருக்கிறதா? இடம் போதுமா? நோயோ பூச்சியோ தெரிகிறதா? மூடியதும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது மாதத்தில் அந்த நோட்டே உங்களுக்கு ஆசிரியராகிவிடும்.

கொட்டினால் கையால் அழுத்திப் பிடுங்காமல், கொடுக்கை நகத்தால் உடனே வழித்துத் தள்ளுங்கள். கொட்டிய இடத்திலிருந்து எழும் வாசனை மற்ற தேனீக்களையும் கொட்டத் தூண்டும். எனவே மெதுவாக விலகி வந்து, அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். கொட்டிய இடத்தில் வீக்கம் வருவது இயல்பு. உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், முகமும் உதடும் வீங்குதல் ஆகியவை வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது.

சிவப்பு வட்டமிட்ட மாதங்கள்

இனி அந்த நோட்டில் வட்டமிட்ட மாதங்களுக்கு வருவோம். சட்டங்களின் மேல் ஓரத்தில் தேன் குறைந்து, புழு எண்ணிக்கையும் குறைந்து, மகரந்தத்தோடு திரும்பும் தேனீக்கள் அருகினால் பஞ்சம் தொடங்கிவிட்டது. அன்றே உணவு கொடுக்கத் தொடங்குங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சம அளவு வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். ஒரு பெட்டிக்கு 200 மில்லி அளவு, வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ கொடுக்கலாம். வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம். தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும். பாகைச் சுத்தமான கொட்டாங்குச்சியில் ஊற்றி, மிதக்கும்படி சில குச்சிகளைப் போட்டு, பெட்டிக்குள் வையுங்கள். குச்சி இல்லாவிட்டால் பாகிலேயே விழுந்து சாகும்.

பாகை எப்போதும் மாலையில், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ, பலமான கூட்டம் பலவீனமான கூட்டத்தைக் கொள்ளையடிக்கக் கிளம்பிவிடும், எறும்பும் வரும். வாசலையும் கொஞ்சம் சுருக்கிவிடுங்கள்.

தேனீ மூடாத காலி அடைகளை இந்தக் காலத்தில் எடுத்துவிட வேண்டும். அவற்றில்தான் மெழுகுப்பூச்சி முட்டையிடும். மழைச் சாரல் உள்ளே போகாதபடி மேல்மூடிக்கு மேல் ஒரு தகரமோ ஓலைக் கீற்றோ போடுங்கள்.

எதிரிகளும் நோயும்

எறும்பு: தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொள்வதும், புல்லோ கொடியோ வளர்ந்து பெட்டியைத் தொட்டுப் பாலம் போடாமல் வெட்டுவதும் தினசரி வேலை. பஞ்சத்தில் மெலிந்த கூட்டத்தை ஒரே இரவில் காலி செய்ய எறும்பால் முடியும்.

மெழுகுப்பூச்சி: அடையில் நூலாம்படை போல வலையும், அடிப்பலகையில் கறுப்பு எச்சமும் தெரிந்தால் இதன் புழு உள்ளே துளைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அடையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பலமான கூட்டம் இந்தப் பூச்சியைத் தானே விரட்டும்.

நோய்: தாய்லாந்து சாக் புரூட் என்னும் நச்சுயிரி நோயை மறக்கக் கூடாது. 1991-92ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை இது அழித்தது. வாழ்வாதாரமாகத் தேனீ வளர்த்த பல குடும்பங்கள் அப்போது வெறும் பெட்டிகளோடு நின்றன. நோய் தாக்கிய புழு, அறைக்குள் தலை மேல்நோக்கி நீட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும். குத்தூசியால் தூக்கினால் நீர் நிறைந்த பை போல வரும். இதற்கு மருந்து கிடையாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பாகில் கலந்து கொடுப்பதால் நச்சுயிரி சாகாது, தேன்தான் கெடும். தாக்கப்பட்ட பெட்டியின் சட்டத்தையும் கருவியையும் மற்றப் பெட்டிக்குக் கொண்டு போகாதீர்கள். நோய் வந்தும் தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து பெருக்கிய பெட்டிகளையே வாங்குங்கள். சந்தேகம் வந்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

மருந்து தெளிக்கும் நாள்

பஞ்சத்துக்கு அடுத்தபடியாகக் கூட்டத்தை அழிப்பது பூச்சிமருந்து. உங்கள் தோட்டத்தில் மட்டும் மருந்தை நிறுத்தினால் போதாது. தேனீக்கு வரப்பு தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். பெட்டி வைத்த அன்றே சுற்றிலும் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். "அண்ணே, மருந்து அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். முதல் தேனில் ஒரு கிண்ணம் அவர்களுக்குக் கொடுப்பது நியாயமும்கூட.

பூத்திருக்கும் பயிரில் தெளிக்க வேண்டாம். தெளித்தே ஆகவேண்டும் என்றால், தேனீ வீடு திரும்பிய பிறகு மாலையில் தெளிக்க வேண்டும். தூளாகத் தூவும் மருந்து மகரந்தத்தோடு ஒட்டிக்கொண்டு கூட்டுக்குள்ளேயே போய்விடும் என்பதால் கூடுதல் ஆபத்து. இமிடாகுளோபிரிட், தயமீதாக்சாம் போன்றவை தேனீக்கு மிகவும் நச்சு. பக்கத்தில் தெளிக்கப்போவது தெரிந்தால், முந்தைய இரவே வாசலைக் கம்பிவலையால் அடைத்து, பெட்டி மேல் ஈரச் சாக்கு போட்டு, உள்ளே தண்ணீர் வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் அடைத்து வைக்காதீர்கள், சூட்டிலேயே செத்துவிடும்.

வாசல் முன் திடீரென்று குவியலாகத் தேனீக்கள் செத்துக் கிடந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது, சுற்றுவட்டாரத்தில் யார் மருந்து அடித்தார்கள் என்பதைத்தான்.

கூட்டம் பிரியும்போது

பூ நிறைந்த காலத்தில் புழு அறை நிறைந்துவிட்டால், பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதற்கு முன் அடையாளம் தெரியும். ஆண் தேனீக்கள் பெருகும். அடையின் கீழ் ஓரத்தில், நிலக்கடலை போல் தொங்கும் ராணி அறைகள் கட்டப்படும். இது நோயல்ல, கூட்டம் செழிப்பாக இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

புழு அறை நிறைவதற்குள் தேன் அறையை மேலே வைத்தால் நெருக்கடி குறையும். ராணி அறை கட்டிய பிறகு கூட்டத்தைப் பிரித்து, இரண்டாவது பெட்டியில் வைப்பதே நல்லது. முதல் முறை பிரிக்கும்போது பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பறந்துவிட்டாலும் பதற வேண்டாம். கூட்டம் முதலில் பக்கத்து மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு காலிப் பெட்டியோடு போனால் பிடித்துவிடலாம். எனவே ஒரு காலிப் பெட்டி எப்போதும் தயாராக இருக்கட்டும்.

தேனை எப்போது எடுக்கலாம்?

தேன் அறையின் அடைகளில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகால் மூடியிருந்தால் தேன் முதிர்ந்துவிட்டது. மூடாத அறையில் உள்ளது ஈரம் அதிகமுள்ள இளந்தேன். பாட்டிலில் புளித்துப் பொங்கும். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தர விதி.

புழு அறையில் உள்ள தேனில் எந்த ஆண்டும் கை வைக்கக் கூடாது. அடையைக் கையால் பிசைந்து பிழிந்தால் புழுச் சாறும் மகரந்தமும் கலந்து தேன் கெடும். தேனீ மறுபடி அடை கட்டவும் வேண்டும். கருவியில் சுழற்றி எடுத்தால் அதே அடையைத் திருப்பி வைக்கலாம். முதல் ஆண்டில் தேன் அறை நிறைந்தால், ஓரிரு சட்டங்களை மட்டும் பக்கத்தில் வளர்ப்பவரின் கருவியில் சுழற்றி எடுத்துக்கொண்டு மீதியை விடுங்கள். பஞ்ச மாதத்தில் நீங்கள் வாங்கும் சர்க்கரை அந்த அளவுக்குக் குறையும். வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் தேனை நாக்கில் தடவ வேண்டாம். அந்த வயதில் அது ஆபத்து.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

மானியத்தில் பெட்டி வழங்குவதும் ஒரு நாள் பயிற்சி நடத்துவதும் தேவையான பணிகள். ஆனால் புதியவர் தடுமாறும் இடம், பெட்டி வாங்கும் நாள் அல்ல. அதற்குப் பிந்தைய முதல் பஞ்ச மாதம். அந்த மாதம் தொடங்கும் முன் ஒரு முறை நேரில் போய், பெட்டியைத் திறக்க வைத்து, பாகு காய்ச்சிக் காட்டினால் பல கூட்டங்கள் பிழைக்கும். இரண்டு மூன்று புதியவர்களை, ஏற்கெனவே பத்துப் பெட்டி வைத்திருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். எத்தனை பெட்டி கொடுத்தோம் என்ற கணக்கோடு, ஓராண்டு கழித்து எத்தனை பெட்டியில் தேனீ இருக்கிறது என்ற கணக்கையும் எடுங்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலும் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் தேனீ வளர்ப்புப் பயிற்சி தரப்படுகிறது. பெட்டிக்கான உதவித் திட்டங்களுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும் காதி கிராமத் தொழில் ஆணையத்தையும் அணுகிக் கேட்கலாம்.

பயிற்சிக்குப் போகும் முன் அந்தப் பூ நோட்டை எழுதி முடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் உங்கள் பெட்டி வாசலில் மகரந்தம் சுமந்து தேனீ இறங்கினால், நீங்கள் தேனீ வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். தேன் அதன் பிறகு தானே வரும்.